கோணாத கூடம்: குறைந்த காசில் வீட்டு ஸ்டுடியோவை மேம்படுத்துவது

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைச் சொன்னவர் ஒலிப்பதிவுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். வீட்டில் மைக்கை வைத்துப் பாட்டைப் பதிவு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கூடம் கோணாமல் இருப்பதுதான் கஷ்டமே. பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி, நான்கு பக்கமும் சிமென்ட் பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே வழவழப்பான டைல்ஸ். இதுதான் நம்மில் பெரும்பாலானோருக்கு வாய்த்த ஸ்டுடியோ. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் முடிந்த பிறகும் ஸ்பிரிங் அதிர்வது போல ஒரு 'ட்ரிங்' மிச்சம் இருக்கும். எதிரெதிர்ச் சுவர்கள் அந்தச் சத்தத்தைப் பந்து போல மாற்றி மாற்றி அடித்துக்கொள்கின்றன.

என் முதல் கண்டென்சர் மைக்கை இப்படி ஓர் அறைக்குத்தான் வாங்கினேன். அதற்கு முன் இருந்தது மேடைக் கச்சேரிகளில் பார்க்கும் சாதாரண டைனமிக் மைக். பதிவில் ஏதோ ஒன்று குறைகிறது, சினிமாப் பாட்டு போல இல்லை என்ற ஏக்கத்தில், ஆறு மாதம் சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கொடுத்து மைக்கை மாற்றினேன். புது மைக்கில் குரல் தெளிவாகத்தான் விழுந்தது. கூடவே மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கரின் மூன்றாவது விசில், தெருமுனையில் பழைய பேப்பர்காரர், எல்லாரும் தெளிவாக விழுந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே சுவர்கள். பாடியவர் ஒரு குகைக்குள் உட்கார்ந்து பாடியது போல இருந்தது. மைக்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. நுணுக்கமாகக் கேட்பதற்குச் செய்த பொருள் நுணுக்கமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, இருக்கும் ஸ்டுடியோவில் எதை முதலில் மாற்றுவது? இதற்குக் கடைகளில் கிடைக்கும் பதில் எப்போதும் ஒரு பொருளின் பெயராகவே இருக்கும். வைத்தியர் நாடி பிடித்த பிறகு மருந்து எழுதுவார். நாமோ மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு எந்த மாத்திரை உசத்தி என்று கேட்கிறோம். பதிவில் காதுக்கு உறுத்துவது எது, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் குருட்டாம்போக்கில் போடுவதுதான். நாடி பிடிப்பதற்குக் காசு வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வீட்டில் பதிவு செய்வது என்ற பழக்கமே ஒரு மலிவான பெட்டியால் பரவியதுதான். 1979-இல் டீயாக் நிறுவனம் டாஸ்காம் பெயரில் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டில் நான்கு டிராக் பதிவு செய்யலாம். மூன்றாண்டு கழித்து, 1982 ஜனவரியில், அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தன் வீட்டில் அந்தப் பெட்டியையும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளையும் வைத்துக்கொண்டு சில பாட்டுகளைப் பதிவு செய்தார். அவருடைய குழுவுக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரிதான் அது. பிறகு பெரிய ஸ்டுடியோவில் குழுவோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று அதில் வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக அதே ஆண்டு வெளியானது. அதை இசைத்தட்டாக வெட்டுவதற்குள் பொறியாளர்கள் பட்ட பாடு தனிக்கதை.

நம் ஊர்க் கதையும் உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டுடியோவைக் கட்டினார். 1992-இல் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. 2019-இல் பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் லாஸ் ஏஞ்சலிஸில் அவருடைய அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவாகி, அடுத்த ஆண்டு கிராமி விருதுகளை அள்ளியது. இந்தக் கதைகளைச் சொல்லும்போது 'படுக்கையறை', 'வீட்டுக் கொல்லை' என்ற சொற்களை அழுத்திச் சொல்வார்கள். பஞ்சதன் வீட்டோடு இருந்தது உண்மை. ஆனால் அது ஒலிப்பதிவுக்கென்றே கட்டிய இடம், காலி செய்த பழைய அறை இல்லை. அந்த வித்தியாசம் நமக்கு முக்கியம்.

ஏனென்றால் ஒலிப்பதிவின் மிகப் பெரிய கருவி அறைதான். அதைக் கருவி என்று நாம் எண்ணுவதில்லை, விலைச்சீட்டு ஒட்டியிருப்பதில்லை என்பதால். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டு ஸ்டுடியோ பற்றிய புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே வீட்டுச் சுவர் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை, தரையில் கம்பளம். அந்தப் பலகைச் சுவர் தாழ்ந்த ஒலிகளில் தானே அதிர்ந்து கொஞ்சத்தை விழுங்கிவிடும், கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவர் ஒன்பது அங்குலக் கனத்தில் நிற்கிறது. அது எதையும் விழுங்காது. வந்த ஒலியை வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். அவர்கள் இரண்டு மூலையில் எதையோ ஒட்டிச் சரிசெய்ததை நாமும் ஒட்டினால் நம் அறை சரியாகாது. நம் அறைக்கு மருந்து கூடுதலாகத்தான் வேண்டும்.

கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸிலும், அதன் இரு மடங்கான 112 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், மூன்று மடங்கிலும் ஒலி தேங்கி நிற்கும். அறை நீளமும் அகலமும் வேறு வேறாக இருந்தால் இந்தத் தேக்கங்கள் வேறு வேறு இடங்களில் பரவிப்போகும். பத்துக்குப் பத்துக்குப் பத்து என்றால் மூன்றும் ஒரே இடத்தில் குவியும். இப்போது ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ். மோகனமோ கல்யாணியோ பாடும்போது வரும் மந்தர தைவதம் 110 ஹெர்ட்ஸ். அதாவது அறை எந்த இடத்தில் குமுறுமோ அதே இடம். பாடகர் மந்தரத்தில் இறங்கித் தைவதத்தில் நின்றால், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பானைக்குள் பேசியது போல வீங்கும். அடுத்த ஸ்வரத்துக்குப் போனதும் வடிந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு 'இந்த மைக்கில் பேஸ் அதிகம்' என்று மைக்கை விற்றவர்களை எனக்குத் தெரியும்.

செலவில்லாத முதல் மருந்து, இடம் மாறுவது. அந்த 112 ஹெர்ட்ஸ் அறையின் நட்ட நடுவிலும் சுவரோரத்திலும் உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து இரண்டரை அடியில் ஏறக்குறைய காணாமல் போகும். எனவே மைக்கை நடு அறையில் வைப்பதைப் போலப் பிழை வேறில்லை. உயரத்துக்கும் இதே கணக்குதான். ஸ்டாண்டில் ஐந்தடி உயரத்தில் மைக்கை வைத்தால் அது தரைக்கும் கூரைக்கும் நடு. சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடினால் மைக் இரண்டரை, மூன்றடிக்கு இறங்கிவிடும். கச்சேரி வழக்கம் தெரியாத்தனமாகவே நமக்கு ஓர் உபகாரம் செய்கிறது.

இரண்டாவது மருந்து, உறிஞ்சும் பொருள். இங்கேதான் முட்டை அட்டை என்ற மூடநம்பிக்கை குறுக்கே வரும். முட்டை அட்டை மெல்லிய காகிதக் கூழ். உச்ச ஒலியில் கொஞ்சம் குறைக்கும், மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடும். வெளிச்சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. தீப்பிடித்தால் நிற்காது என்பது உபரி. கடையில் விற்கும் ஒரு அங்குல ஃபோமும் ஏறக்குறைய இதே ஜாதிதான். அதை நான்கு சுவரிலும் ஒட்டினால் குரலின் பளபளப்பு மட்டும் செத்து, அடியில் இருக்கும் குமுறல் அப்படியே நிற்கும். கை தட்டினால் 'ட்ரிங்' போயிருக்கும், அதனால் அறை சரியாகிவிட்டது என்று நினைப்போம். பாட ஆரம்பித்தால் பெட்டிக்குள் இருப்பது போல இருக்கும். ஒட்டாத அறையே மேல் என்று தோன்றும்.

வேலை செய்வது கனம். ராக்வூல் என்ற பாறைநார்ப் பலகை, ஏசி குழாய்க்கும் கூரை வெப்பத்துக்கும் போடுகிறார்களே, அதுதான். ஒரு கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தியில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு அங்குலப் பலகை இரண்டை அடுக்கி நான்கு அங்குலமாக்கி, நான்குக்கு இரண்டடி மரச்சட்டத்தில் வைத்து, காற்றுப் போகும் பருத்தித் துணியால் மூடினால் ஒரு பலகை தயார். ஊதிப் பார்த்தால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும், அந்தத் துணிதான் சரி. சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி மாட்டினால் இன்னும் தாழ்ந்த ஒலிவரை பிடிக்கும். நான் ஆறு பலகை செய்தேன். துணியும் ஆசாரி கூலியும் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. அந்தக் கண்டென்சர் மைக்குக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அந்த நாரைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், இரண்டு நாள் சொறிந்துகொண்டிருந்தேன்.

ஆறாயிரமும் இல்லையென்றால் பரணில் ஏறிப் பாருங்கள். தாத்தா காலத்து இலவம்பஞ்சு மெத்தை கிடக்கும். ஐந்து அங்குலக் கனம், இறுகிய பஞ்சு, மேலே பருத்தித் துணி. ராக்வூல் பலகைக்கு என்ன இலக்கணம் சொன்னேனோ அத்தனையும் அதில் இருக்கிறது. பாடுபவருக்கு முதுகுப்புறம், மூலையோரமாக, இரண்டு மெத்தையை நிறுத்தி வைத்தால் குரலில் தெரியும் மாற்றம் புது மைக்கில்கூடத் தெரியாது. ஏன் முதுகுப்புறம்? கார்டியாய்ட் வகை மைக் தனக்கு எதிரே இருப்பதைத்தான் அதிகம் கேட்கிறது, பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் அதன் நேர் எதிரில் இருக்கிறது. மைக்குக்குப் பின்னால் வளைவாக மாட்டும் சின்னத் தடுப்பை வாங்குகிறவர்கள், மைக் ஏற்கெனவே பாராமுகமாக இருக்கும் பக்கத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். டைல்ஸ் தரைக்கு ஒரு பவானி ஜமக்காளம் போடலாம். தாழ்ந்த ஒலிக்கு அது ஒன்றும் செய்யாது, தரையில் பட்டுத் தெறிக்கும் உச்ச ஒலியைத் தணிக்கும்.

இதையெல்லாம் செய்தால் வெளிச்சத்தம் நிற்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். நிற்காது. உள்ளே எதிரொலியை உறிஞ்சுவது ஒரு வேலை, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வேறு வேலை. பின்னதற்குப் பளு வேண்டும், இடைவெளி இல்லாமை வேண்டும். பளு நம் சுவரிலேயே இருக்கிறது. இங்கே நாம் அமெரிக்கரைவிடப் பணக்காரர்கள். ஓட்டை கதவிலும் ஜன்னலிலும் இருக்கிறது. கதவுக்கடியில் அரை அங்குல இடுக்கு இருந்தால் தெரு முழுக்க அதன் வழியாக உள்ளே வரும். ரப்பர் பட்டை ஒட்டுவது சில நூறு ரூபாய் வேலை. அதற்கு மேல் கடிகாரம்தான் துணை. இரவு பதினொன்றரைக்கு மேல் பதிவு செய்யாத வீட்டு ஸ்டுடியோக்காரரை நான் பார்த்ததில்லை. மார்கழியில் அதிகாலை ஒலிபெருக்கி தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அறை ஓரளவு அடங்கிய பிறகு மைக்கைப் பற்றிப் பேசலாம். மைக் வாங்குகிறவர்கள் பார்க்கும் எண்களில் ஒன்று, மைக் தானே எழுப்பும் இரைச்சல். ரோடு என்டி1 மைக்கில் அது 4.5 டெசிபல், ஆடியோ டெக்னிக்காவின் ஏடி2020-இல் 20 டெசிபல். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் நள்ளிரவில்கூட நம் அறையின் அமைதி முப்பது டெசிபலை ஒட்டித்தான் இருக்கும். விசிறி ஓடினால் அதற்கும் வெகு மேலே. தெருவில் லாரி போகும்போது கொசு ரீங்காரத்தை அளந்து என்ன ஆகப்போகிறது? அறையைத் தொடாமல் இந்த எண்ணுக்காகக் காசு கொடுப்பது வீண்.

இலவசமாகக் கிடைக்கும் எண் ஒன்று இருக்கிறது: தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி ஏறக்குறைய அப்படியே இருக்கும். இரண்டடியில் நின்று பாடியவர் அரை அடிக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். எந்தக் கடையிலும் 12 டெசிபலை இந்த விலைக்குத் தரமாட்டார்கள். நெருங்கினால் இரண்டு உபத்திரவம் வரும். குரலின் அடிப்பகுதி கனக்கும், அதை மென்பொருளில் வெட்டிவிடலாம். 'ப', 'ப்ப' வரும்போது காற்று மைக்கில் மோதி 'டும்' என்று விழும். எம்பிராய்டரி போடும் வளையத்தில் நைலான் காலுறையை இழுத்துக் கட்டினால் அதற்குத் தடுப்பு. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாகத் திருப்பி வைப்பது அதைவிட மலிவு.

சரியில்லாத அறையில் இருப்பவருக்கு டைனமிக் மைக் நல்ல தோழன். எஸ்எம்57 1965-இல் வந்தது, எஸ்எம்58 அடுத்த ஆண்டு. இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. கிட்டே வைத்துப் பாடினால் அறையை அதிகம் கண்டுகொள்ளாது. ஆனால் இதிலும் ஒரு மோகம் புகுந்திருக்கிறது. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' பதிவில் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் ஷூர் எஸ்எம்7 மைக்கைப் பயன்படுத்தினார் என்பதைக் கேட்டு, அதன் இன்றைய வடிவமான எஸ்எம்7பி மைக்கை வாங்குகிறார்கள். அது சன்னமாகத்தான் சமிக்ஞை கொடுக்கும். அதைத் தூக்கி நிறுத்த 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும், சில ஆண்டுகளுக்கு முந்தைய சின்ன இன்டர்ஃபேஸ்களில் 56 டெசிபல்தான் இருக்கும். அதனால் நடுவில் வைக்க ஒரு பூஸ்டர் வாங்குவார்கள். யானை வாங்கியவர் அங்குசத்துக்கும் கடன் வாங்குவார். பெரிய ஸ்டுடியோவில், பெரிய கைகள் செய்ததைப் பொருளின் கணக்கில் எழுதிக்கொள்வதால் வரும் வினை இது.

இன்டர்ஃபேஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலோர் அதை மாற்றத் தேவையே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் மலிவான பிரீஆம்ப் என்றால் இரைச்சல். இன்று தொடக்க விலையில் கிடைக்கும் இன்டர்ஃபேஸ்களிலேயே உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 128 டிபியு அளவுக்கு இறங்கிவிட்டது. வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் ஆடுவதாலேயே எழும் இரைச்சல் மைனஸ் 131 பக்கம். அதற்குக் கீழே எந்த விலை கொடுத்தாலும் போக முடியாது. எஞ்சியிருப்பது மூன்று டெசிபல். அந்த மூன்றுக்காக ஐந்து மடங்கு விலை கொடுக்கும் வசதி இருப்பவர் இந்தக் கட்டுரையை இதுவரை படித்திருக்க மாட்டார். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், உச்சம் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கட்டும், சிவப்பு விளக்கை எட்டிப்பிடிக்க வேண்டாம். அந்தப் பழக்கம் டேப் காலத்து மிச்சம்.

மாற்ற வேண்டிய நியாயமான காரணங்கள் சில உண்டு. மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று மூன்று மைக் தேவைப்படும்போது இரண்டு உள்ளீடு போதாது. அப்போது நான்கு அல்லது எட்டு உள்ளீடு உள்ளதுக்குப் போகலாம். பாடுபவர் தன் குரலையே தாமதமாகக் கேட்டுத் தடுமாறுகிறார் என்றால், வாங்குவதற்கு முன் மென்பொருளில் பஃபர் அளவைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் மூன்று மில்லிநொடிக்கும் குறைவு. 1024 என்று கிடந்தால் அது இருபத்தொரு மில்லிநொடி, யாரும் தடுமாறத்தான் செய்வார்கள்.

கேட்கும் பக்கம்தான் எல்லாரும் கடைசியில் வைக்கும் விஷயம். எனக்கு அது இரண்டாவது. பிழை காதுக்குக் கேட்காவிட்டால் திருத்த முடியாது. 1978-இல் யமஹா என்எஸ்10 என்ற ஸ்பீக்கரை வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காக வெளியிட்டது. அவர்களிடம் அது எடுபடவில்லை. ஸ்டுடியோக்காரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உச்ச ஒலி காதைக் குத்தியது என்பதால் டிவீட்டர் மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். 2001-இல் நிறுத்தும்வரை அந்த வெள்ளைக் கூம்பு இல்லாத பெரிய ஸ்டுடியோ அரிது. அது இனிமையான ஸ்பீக்கர் என்று யாரும் சொன்னதில்லை. அதில் நன்றாகக் கேட்டால் எங்கும் நன்றாகக் கேட்கும் என்று அவர்களுக்குப் பழகியிருந்தது. பழகிய ஸ்பீக்கர் புது ஸ்பீக்கரைவிட உண்மை பேசும்.

பத்தடி அறையில் எட்டு அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் வைப்பது குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுவது. ஐந்து அங்குலம் தாராளம். முதல் அறைத் தேக்கத்துக்கு நட்ட நடு அறையில் ஒலியே இருக்காது, அங்கே உட்கார்ந்து கலவை செய்தால் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவீர்கள். சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நாற்காலியைப் போடுங்கள். ஸ்பீக்கர் இரண்டும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணம். இடவலம் சுவர்த் தூரம் ஒன்றாக இருக்கட்டும். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவெடுக்கும் மைக் ஒன்றும் இருந்தால் அறையின் ஜாதகத்தையே படமாகப் பார்த்துவிடலாம். அறைக்கு எதுவுமே செய்ய வழியில்லாத வாடகை வீட்டில் இருப்பவர் மானிட்டர் வாங்கும் எண்ணத்தையே ஒத்திவைக்கலாம். 1991 முதல் விற்கும் சோனி எம்டிஆர்-7506 போன்ற நல்ல ஹெட்போனுக்கு அறை கிடையாது, குமுறல் கிடையாது. கலவை முடிந்ததும் செல்போன் ஸ்பீக்கரிலும் யாராவது ஒருவரின் காரிலும் போட்டுக் கேளுங்கள். கேட்பவர்கள் அங்கேதான் கேட்கப்போகிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றி வெளிநாட்டுப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை, நமக்கோ பாதிக் கோளாறு அங்கேதான். பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் அடிக்குரல் ஓடுகிறதா? மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் மைக்கும் இன்டர்ஃபேஸும் நிரபராதிகள். பேட்டரியில் ஓடவிட்டுப் பதிவு செய்யலாம், பிறகு எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த அறைப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். பல வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரம். எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போகும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், ஆளே போய்விடலாம். கிட்டாரில் 'சர்ர்ர்' என்று வந்தால் விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் வருகிறதென்றால், அந்த இன்வெர்ட்டர் சதுர அலைக்காரராக இருக்கும்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டிய காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆடாசிட்டி இலவசம், மேக் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. ரீப்பர் 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு 60 டாலர் கேட்கும். வின்ஆம்ப் எழுதிய அதே ஜஸ்டின் ஃபிராங்கலின் கைவேலை அது. திருட்டு மென்பொருளில் வேலை செய்து, பாட்டு நடுவே கணினி படுத்துவிட்டதைப் பார்த்தவன் என்ற முறையில் இந்த 60 டாலரைப் பரிந்துரைக்கிறேன்.

பழைய பொருள் வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் வகை பார்த்து. டைனமிக் மைக் கீழே விழுந்து எழுந்த பிறகும் பாடும், அதைப் பழையதாகவே வாங்கலாம். எஸ்எம்58 என்றால் மட்டும் எச்சரிக்கை, போலி அதிகம். பாதி விலைக்குப் பெட்டி பிரிக்காமல் கிடைக்கிறதென்றால் ஏன் என்று கேளுங்கள். கண்டென்சர் மைக்கைக் கடலோர ஊர்க்காரரிடம் வாங்குவதானால் கால் மணி நேரம் ஹெட்போனில் அமைதியைக் கேளுங்கள். ஈரம் ஏறிய மைக் அடுப்பில் கடுகு போட்டது போல இடையிடையே பொரியும். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கட்டாயம். கேபிளைப் பொறுத்தவரை தங்க முலாம் பூசியது குரலை இனிமையாக்காது. ஆனால் மட்டமான கேபிள் பற்றவைத்த இடத்தில்தான் முதலில் போகும். சால்டரிங் கற்றுக்கொண்டவருக்கு அந்தச் செலவு வாழ்நாளுக்கும் பாதியாகும்.

போன வருஷம் திருச்சியில் இருக்கும் என் அக்கா மகன் கூப்பிட்டான். கையில் இருபத்தைந்தாயிரம் சேர்ந்திருக்கிறது, "என்ன மைக் வாங்கலாம் மாமா?" என்றான். இருக்கும் மைக்கில் பதிவு செய்ததை அனுப்பச் சொன்னேன். குகை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒன்று, விசிறியை அணைத்துவிட்டு ஒன்று, அரை அடி தூரத்தில் ஒன்று, அறை மூலையில் மெத்தைக்கு முன்னால் ஒன்று என்று அதே பல்லவியை நான்கு விதமாகப் பாடி அனுப்பச் சொன்னேன். நான்காவதை அனுப்பிவிட்டு அவனே கொஞ்ச நேரம் பேசவில்லை. கடைசியில் பலகைக்கு ஏழாயிரம், ஹெட்போனுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம், கதவு ரப்பருக்கும் ஒரு நல்ல ஸ்டாண்டுக்கும் இரண்டாயிரம் போனது. மைக் அதே பழையதுதான். மிச்சத்தைத் தொடாமல் வைத்திருக்கிறான்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டான். "மாமா, முன்னாடி கேக்காத சத்தமெல்லாம் இப்ப கேக்குது. அடுத்த வீட்டுல தண்ணி மோட்டார் போட்டா பாட்டுக்கு அடியில தம்பூரா மாதிரி ஓடுது."

"சரி, என்ன வாங்கப் போற?"

"ஒண்ணும் வாங்கல. அந்த அத்தைகிட்ட மோட்டார் போடுற நேரத்தைக் கேட்டு எழுதிச் சுவத்துல ஒட்டியிருக்கேன். செவ்வாய், வெள்ளி மட்டும் ராத்திரியும் போடுவாங்களாம்."